1990இல் நடந்தவற்றுக்கு ஹேக்கில் வழக்கு வைக்க முடியுமா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 2 (திருக்கோவில் பக்கத்து வாசகர் ஒருவர்)

வீரமுனை, சத்துருக்கொண்டான், கொக்கட்டிச்சோலை படுகொலைகளை நினைத்து வருடா வருடம் விளக்கு ஏற்றுகிறோம். இதை ஏன் ஒருவரும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை? அங்கே போனால் ஒரே தீர்ப்போடு முடிந்துவிடும். இங்கே ஆணைக்குழுக்களுக்குச் சாட்சி சொல்வது வீண் வேலை. சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஆகஸ்ட் 3

ஹேக் பற்றி முதலில். நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்தை உண்டாக்கிய ரோம் சட்டம் 1998 ஜூலை 17இல் ஏற்கப்பட்டது, 2002 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்த எதையும் அது விசாரிக்க முடியாது. இலங்கை அதில் சேரவும் இல்லை. சேராத நாட்டின் விஷயத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பி வைக்கலாம், ஆனால் சபை அனுப்பினாலும் 2002க்குப் பின்னால் போக வழியில்லை. ஆகவே 1990க்கு அந்தக் கதவு பூட்டிக் கிடக்கவில்லை, அப்படி ஒரு கதவே இருந்ததில்லை.

இதை எழுதுகிற இன்றைய தினம் காத்தான்குடிக்கு 35 வருடம். இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்ட நாள். உங்கள் பட்டியலில் அந்தப் பெயரும் வரவேண்டும். குறை சொல்வதாக எடுக்க வேண்டாம். என் பட்டியலிலும் கனகாலம் அது இல்லை.

ஆகஸ்ட் 3, இரவு

‘ஒரே தீர்ப்போடு முடியும்’ என்றதற்கு ஒரு வரி. ஹேக் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு கொங்கோவின் தோமஸ் லுபாங்காவுக்கு. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்த குற்றம். ஆளை 2006 மார்ச்சில் கொண்டுபோனார்கள், குற்றவாளி என்று சொன்னது 2012 மார்ச்சில். கையில் கிடைத்த ஒரே ஆளுக்கு ஆறு வருடம் பிடித்தது.

ஆகஸ்ட் 6

‘வீண் வேலை’ என்ற சொல் மூன்று நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

என் பெத்தாவிடம், அம்மாவின் தாயிடம், ஒரு பை இருந்தது. சீனி வந்த தடித்த பொலித்தீன் பை, வாயில் சணல் கயிறு. அதற்குள் மாமாவின் கடதாசிகள். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. 1990இல் அவருக்கு 23 வயது. வயலுக்குப் போன வழியில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் சைக்கிளோடு மறித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிள் மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரம் கிடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சைக்கிளின் பின் சீற்றில் இருந்துதான் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

பைக்குள் இருந்தவை: பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு ஒன்று, எழுத்து மங்கிப்போனது. விதானையார் எழுதிக் கொடுத்த கடிதம். ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) அட்டை. வேறு வேறு ஆணைக்குழுக்களின் பதிவு இலக்கம் எழுதிய நாலு துண்டுகள். ஒரு கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த மாமாவின் முகம். வெட்டிய ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள் மட்டும், பட்டுச் சேலையோடு தெரியும். அது அம்மாவின் தோள். மாமாவுக்குத் தனியாக எடுத்த படம் என்று ஒன்றும் கிடையாது.

பெத்தாவை ஐந்து தடவை சாட்சியம் சொல்லக் கூட்டிப்போயிருக்கிறோம். கடைசி மூன்று தடவை நான்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி, “கடைசியாக என்ன உடுப்பு போட்டிருந்தார்?” பெத்தா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னா. நீலச் சாரன், வெள்ளைப் பெனியன், பெனியனின் வலது கக்கத்தில் தையல். தையல் போட்டது அவவேதான். ஒரு அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, “அம்மா, தையல் எல்லாம் தேவையில்லை” என்றது. பெத்தா பேனையைப் பார்த்துக்கொண்டே இருந்து, “எழுது மனே, அதுதான் அவன்ட அடையாளம்” என்றா. அந்தப் பிள்ளை எழுதவில்லை. எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. இன்றைக்கும் அது வேதனை.

பெத்தா 2021இல் காலமானா. அவவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பையில் உள்ளது வீண் என்று என்னால் சொல்ல முடியாது. மாமா இருந்தார், இந்த நாளில் கொண்டுபோகப்பட்டார், தாய் அந்த வருடமே போய்ச் சொன்னா என்பதற்கு இந்த உலகத்தில் வேறு சான்று கிடையாது.

ஆகஸ்ட் 9

சட்டம் படித்த ஒருவர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார். ‘35 வருடம் போய்விட்டதே, வழக்கு காலாவதி ஆகாதா?’ என்று பலரும் கேட்கிறார்கள், அதற்கு நம்முடைய சட்டத்திலேயே பதில் இருக்கிறது என்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவு. கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் காலவரை இல்லை. மற்றக் குற்றங்களுக்கு 20 வருடம். அதாவது 1990இல் ஆளைக் கடத்தினார்கள் என்று மட்டும் வழக்கு வைப்பதென்றால் 2010க்குள் வைத்திருக்க வேண்டும். கொலை என்று வைக்க முடிந்தால் இன்றைக்கும் வைக்கலாம்.

கொலை என்று நிறுவ எலும்பாவது வேண்டும், கண்டவராவது வேண்டும். கண்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

காணாமல் ஆக்கப்படுவது வேறு கணக்கு. சர்வதேசச் சட்டத்தில் அது தொடர் குற்றம். ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியும்வரை குற்றம் நடந்துகொண்டே இருப்பதாகத்தான் பொருள். இலங்கை அதற்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்று, அதற்காக 2018இல் 5ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஆகவே ‘எல்லாம் பழைய கதை’ என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது பழைய கதை இல்லை என்று தெம்பாகச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 12

வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழரைக் கொன்றது 1990 ஆகஸ்ட் 12. ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்களை வீட்டுக்குள் புகுந்து கொன்றது 11ஆம் தேதி இரவு, 12 விடிவதற்குள். ஒரே இருபத்துநாலு மணித்தியாலம். நாங்கள் ஒன்றைக் காலையில் நினைக்கிறோம், அவர்கள் மற்றதை நினைக்கிறார்கள். செங்கலடியிலிருந்து ஏறாவூர் எத்தனை நிமிட நடை?

இன்று இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17

ஹேக் இல்லையென்றால் வேறு எங்கே என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை தந்த கதை ஆபிரிக்காவின் சாட் நாட்டுக் கதை. கொஞ்சம் நீளும்.

ஹிசேன் ஹப்ரே அங்கே 1982 முதல் ஆண்டவர். அவர் விழுந்ததும் 1990இல்தான், டிசம்பரில். அவருடைய சிறையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர், உயிரோடு வெளியே வந்தால் நீதி கேட்பேன் என்று உள்ளே இருந்தபோதே சத்தியம் செய்திருக்கிறார். வெளியே வந்ததும் செய்த வேலை என்ன? மற்றக் கைதிகளையும் விதவைகளையும் ஒவ்வொருவராகக் கண்டு எழுதிக்கொண்டார். 792 பேரின் விவரம். மிரட்டல் வந்தபோது அந்தக் கோப்புகளை வீட்டிலேயே ஒளித்து வைத்தார். எத்தனையோ வருடம் அவை அப்படியே கிடந்தன. அப்போது அவரிடம் யாராவது ‘வீண் வேலை’ என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஹப்ரே ஓடிப்போய் இருந்த செனகலில் 2000ஆம் ஆண்டு முறைப்பாடு வைத்தார்கள். அந்தக் கோப்புகள்தான் அடித்தளம். செனகல் நீதிமன்றங்கள் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றன. பெல்ஜியத்துக்குப் போனார்கள். பெல்ஜியம் ஆளைக் கேட்டது, செனகல் கொடுக்கவில்லை. மறுகா ஆபிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து டாக்காரில் தனி நீதிமன்றம் ஒன்றை உண்டாக்கி, 2013இல் ஆளைப் பிடித்து, 2016 மே 30இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கெங்கெங்கும் போய்ச் சாட்சி சொன்னார்.

ஜெர்மனியில் நடந்ததும் இதன் உறவுதான். கோப்ளென்ஸ் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரியாவின் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்தது டமஸ்கஸில். சாட்சி சொன்னவர்களில் பலர் ஐரோப்பாவுக்கு அகதியாக வந்தவர்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்தை எந்த நாட்டில் நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற சட்டம் அங்கே இருக்கிறது. நம்முடைய ஆட்களும் அகதியாக அங்கெல்லாம் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் கண்டதை அவர்கள் அங்கே இருந்தே சொல்லலாம்.

ஆகஸ்ட் 24

போன குறிப்பைத் திரும்ப வாசித்தேன். சந்தோஷத்தில் பாதியை விட்டுவிட்டேன். டாக்கார் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் காசு வருடக் கணக்காகக் கைக்கு வரவில்லை. காத்திருந்தே பலர் இறந்தார்கள். ஹப்ரேயும் 2021இல் இறந்துபோனார், அதுவும் இதே ஆகஸ்ட் 24இல்.

கொழும்பிலிருந்து ஒரு வாசகர் “அப்படியென்றால் அதுவும் தோல்விதானே” என்று கேட்கிறார். இல்லை. தீர்ப்பு வாசித்தபோது அந்த விதவைகள் மண்டபத்துக்குள் இருந்தார்கள். தங்களுக்கு நடந்ததை ஒரு நீதிபதி உரக்க வாசிப்பதைக் கேட்டார்கள். என் பெத்தாவுக்கு அது கிடைத்திருந்தால், காசு வராவிட்டாலும் அவ இன்னும் ஒள்ளுப்பம் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பா. இது என் கருத்து. காசு தேவைப்பட்டவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 30

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். அம்மாவோடு ஊர்வலத்துக்குப் போய்ப் பின்னேரம்தான் வந்தேன். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் இந்த வருடம் எலும்புகள் வெளியே வந்த நாளிலிருந்து, அங்கே கூடுகிற தாய்மார் எல்லோருக்கும் ஒரே கேள்வி: இது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்தார்கள். பிறகு தடயத்தை அழிக்க இயந்திரம் கொண்டு தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்பு இரண்டு மூன்று குழிகளில் கிடந்தது. அப்படி இருந்தும் ஏறத்தாழ 7,000 பேரைப் பெயரோடு அடையாளம் கண்டார்கள். உறவினரின் இரத்த மாதிரியை எலும்பின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தான். தாய், தகப்பன், பிள்ளை இருந்தால் மிக நல்லது.

இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெத்தாவின் இரத்தத்தை யாரும் எடுக்கவில்லை. ஐந்து தடவை உடுப்பின் நிறத்தைக் கேட்டவர்கள் ஒரு துளி இரத்தம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம்.

அப்புறம் தெரிந்த விஷயம்தான் இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்த காரணம். மரபணுவில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருகிறது. இழைமணி மரபணு என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். பெத்தாவிடம் இருந்தது மாமாவுக்கும் வந்தது, அம்மாவுக்கும் வந்தது. மாமாவிடமிருந்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து என் மகளுக்கும் போயிருக்கிறது. பழைய எலும்பில் மற்றது சிதைந்தாலும் இது தப்பிக் கிடக்க வாய்ப்பு அதிகம். ஆளை உறுதிப்படுத்த இது மட்டும் போதாது, ஒரே தாய்வழியில் வந்த எல்லோருக்கும் இது ஒன்றாகவே இருக்கும். ஆனால் ‘இவர் இந்த வழி’ என்று சொல்லும்.

மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வேண்டுமா? குடி என்ற குலப்பிரிவை நாம் எந்த வழியில் எண்ணுகிறோம்? தாய் வழி. தகப்பன் எந்தக் குடி என்றாலும் பிள்ளை தாயின் குடி. கோயிலில் முறை பேசும்போது வயிற்றுவார் கேட்பார்களே, அதே வழிதான். நம்முடைய முஸ்லிம் ஊர்களிலும் குடி தாய் வழியேதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப பெத்தா இன்னும் இருக்கிறா எண்டு சொல்லு” என்றுவிட்டுப் போய் அடுப்பைப் பார்த்தா.

தாய் இறந்துவிட்டா, இனி வழியில்லை என்று இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனியுங்கள். அக்கா தங்கச்சி இருந்தால், அவர்களின் பிள்ளைகள் இருந்தால், வழி இருக்கிறது.

செப்டம்பர் 5

வந்தாறுமூலை. 1990இல் இதே நாள் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது. நாலாம் நாள், 9ஆம் தேதி, சத்துருக்கொண்டான்.

ஒரு திருத்தம். சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்கள் 184 பேர் என்று ஒரு பேச்சில் சொல்லியிருந்தேன். ஊரார் சிலர் 186 என்கிறார்கள். நினைவு நாள் அறிவித்தல்களிலும் 186 என்று பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு பேருக்காக யாரோடும் வாதாட வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று எழுதி வைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பெயரோடு சொல்லுங்கள். இரண்டு என்றால் இரண்டு வீடு.

1994இல் நியமித்த வடக்கு கிழக்கு ஆணைக்குழு இரண்டையும் விசாரித்தது. 1997இல் அறிக்கை போனது. அதன் பேரில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

கொக்கட்டிச்சோலைக்கும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இருந்தது. 1991 ஜூன் 12, மகிழடித்தீவு. கண்ணிவெடியில் இரண்டு சிப்பாய்கள் இறந்த பிறகு நடந்தது. அதற்குத் தனி ஆணைக்குழு வைத்து, இறந்தவர்கள் 67 என்று எழுதினார்கள். ஊர்க் கணக்கு 152. இராணுவ நீதிமன்றம் பொறுப்பதிகாரியை வேலையால் நீக்கியது, மற்ற 19 பேரை விட்டது. 67க்கும் 152க்கும் இடையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 14

லுபாங்கா பற்றி எழுதியதற்குப் பலர் கோபித்துக்கொண்டார்கள். எதற்கு இப்போது பிள்ளைபிடி கதை என்று. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். படுவான்கரையிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வரவு இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே நான்தான் சிவப்புக் கோடு போட்டேன். கிழமை முழுக்கக் கோடு. அடுத்த மாதம் பெயரையே எடுத்துவிட்டோம். புலிகளும், பிரிந்த பிறகு கருணா அணியும் இங்கே பிள்ளைகளைச் சேர்த்தது ஐ.நா. அறிக்கைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அது போர்க்குற்றம். யார் செய்தாலும். அந்தப் பிள்ளையின் தாயும் விளக்கு ஏற்றுகிற தாய்தான்.

பழைய இடாப்புகள் எங்கேயாவது கறையான் அரிக்கக் கிடந்தால் எரித்துவிடாதீர்கள். திகதி போட்ட, அன்றன்றைக்கு எழுதிய பதிவு. நீதிமன்றத்தில் அதற்குப் பெறுமதி இருக்கிறது.

எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு, நான் செய்கிற மாதிரிச் சொல்கிறேன். ஒருவரைத் தனியாக இருத்திக் கேட்பேன். நாலு பேரைச் சேர்த்துக் கேட்டால் ஒருவர் கண்டது மற்றவரின் ஞாபகத்துக்குள் போய்விடும். அவர் சொன்ன சொல்லையே எழுதுவேன், திருத்த மாட்டேன். தானாகக் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் குறிப்பேன். திகதி தெரியாதென்றால் வற்புறுத்துவதில்லை. மாடு கன்று போட்டு எத்தனையாம் நாள், யாருடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன்னால் என்று கேட்டால் வந்துவிடும். மூலக் கடதாசியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், படம் எடுத்துக் கொடுங்கள். இங்கேயோ முகநூலிலோ சாட்சியின் பெயரைப் போடவே வேண்டாம். சாட்சிகளைப் பாதுகாக்க 2023இல் புதிய சட்டம் வந்திருக்கிறது, ஆனால் சட்டம் இரவில் வந்து வாசலில் படுக்காது.

தையல் இருந்தால் தையலையும் எழுதுங்கள்.

அக்டோபர் 7

ஜெனீவாவில் நேற்று இலங்கை பற்றிய 60/1 தீர்மானம் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது. முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் “ஜெனீவா நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதா?” என்று கேட்கிறார். அது நீதிமன்றம் இல்லை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை. தண்டிக்க அதிகாரம் கிடையாது. 2021இல் 46/1 தீர்மானத்தால், சான்றுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் வேலையை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தார்கள். இப்போது அதை நீடித்திருக்கிறார்கள். நாளைக்கு கோப்ளென்ஸ் மாதிரி எங்காவது ஒரு நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டும். இருக்க வேண்டியது இங்கிருந்துதான் போக வேண்டும்.

அக்டோபர் 12

அம்மாவோடு ஏறாவூர் போனேன். அம்மாவோடு எட்டாம் வகுப்புவரை படித்த ஒருவர் அங்கே இருக்கிறா. 1990க்குப் பிறகு இருவரும் சந்தித்ததே இல்லை. அந்த ஆகஸ்டில் அவவின் நானாவும் (அண்ணன்) மைனியும் (அண்ணன் மனைவி) கொல்லப்பட்டார்கள், ஒரு கைக்குழந்தையும். நான்தான் குறிப்புக் கொப்பியோடு போயிருந்தேன். ஆனால் கொப்பியைத் திறக்கவில்லை.

அந்த உம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தா. அம்மா பொலித்தீன் பையைச் சணலை அவிழ்த்துத் திறந்தா. இருவரும் பாயில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். 1990களின் ஆணைக்குழுத் துண்டு இரண்டு பேரிடமும் இருந்தது. ஒரே தாள், ஒரே முத்திரை, இலக்கம் மட்டும் வேறு. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவின் இலக்கத்தை வாசித்தா, அம்மா அவவின் இலக்கத்தை வாசித்தா.

“நானாக்கு அண்டைக்குப் பச்சைச் சட்டை கா, பொத்தான் ஒண்டு வேற நிறம்” என்றா உம்மா.

அம்மா என்னைப் பார்த்து, “எழுது மனே” என்றா.

எழுதினேன். தேத்தண்ணி குடித்து வெளிக்கிடும்போது உம்மா படலை வரை வந்து அம்மாவின் கையை விடாமல் கேட்டா: “மறுகா எப்ப கா வாறாய்?” வாற வெள்ளிக்குப் பிறகு போகிறோம். அவவின் தங்கச்சியும் வருவாவாம். அதே தாய் வயிறு.